கேஸ் ஷீட்டில் இல்லாத நான்கு நிமிடம்

வாசகர் கேள்விக்குப் பச்சிளங்குழந்தை மருத்துவர் பதில்

கடலூர் முதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 25. சுவாச சிகிச்சையில் பட்டப்படிப்பு முடித்தவர். ஆஸ்பத்திரிகளில் இவர்களை ‘ஆர்.டி.’ என்போம். இரண்டு வருடமாகப் புதுச்சேரியில் ஒரு தனியார் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை. இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை டூட்டி பார்த்துவிட்டுக் கடலூர் பஸ் பிடித்தால், ரெட்டிச்சாவடி தாண்டியதுகூடத் தெரியாமல் தூங்கிவிடுகிறாராம்.

மூன்று மாதம் முன்பு ஒரு நைட் டூட்டி. 29 வாரத்தில் பிறந்த, 1,150 கிராம் எடையுள்ள குழந்தை. வென்டிலேட்டரில் மூன்றாவது நாள். எக்ஸ்ரே தட்டு வைப்பதற்காக நர்ஸ் குழந்தையைத் தூக்க, இவர் வென்டிலேட்டர் குழாய்களைப் பிடித்திருக்கிறார். உதட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டர் எச்சிலில் ஊறிப்போயிருந்ததால் விட்டுக்கொண்டது. மூச்சுக்குழாயில் இருந்த ட்யூப் மேலே வந்துவிட்டது. அலாரம் அடிக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சாச்சுரேஷன் 52. இதயத் துடிப்பு 80க்குக் கீழே. இவர் நெஞ்சைப் பார்த்திருக்கிறார், அசையவில்லை. ட்யூபை உருவிப் போட்டுவிட்டு மாஸ்க் வைத்து, கையால் காற்றடிக்கும் பையான பேக்கை அழுத்திக்கொண்டே டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தியிருக்கிறார். அரை நிமிடத்தில் துடிப்பு ஏறியது. மேல் மாடியிலிருந்த டாக்டர் வந்து புது ட்யூப் போட்டு முடிக்க நான்கு நிமிடம். குழந்தை தேறி, 48ஆம் நாள் வீட்டுக்குப் போனது.

அன்றிரவே சீனியர் ஒருவர், “குழந்தை நல்லாத்தானே இருக்கு, இதையெல்லாம் எழுதி வெச்சுக்கிட்டு இருக்காதே” என்றாராம். கேஸ் ஷீட்டில் ‘ட்யூப் மாற்றப்பட்டது’ என்று ஒரே வரி. டிஸ்சார்ஜ் அன்று குழந்தையின் அம்மா ஒரு லட்டு டப்பாவைக் கையில் கொடுத்து, “நீங்கதான் சிஸ்டர் எம்புள்ளைக்கு மூச்சு கொடுத்தது” என்று சொல்லியிருக்கிறார். அந்த டப்பாவைத் திறக்காமலே பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார்.

இப்போது கேட்பது இதுதான். அந்த நான்கு நிமிடத்தால் குழந்தைக்கு மூளையில் பாதிப்பு வருமா? அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா, சொன்னால் போலீஸ் வருமா? மூன்று வருடத்துக்குள் வேலையை விட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்ட் இருக்கிறது, அசல் சான்றிதழ்கள் ஆஸ்பத்திரி பீரோவில் இருக்கின்றன. வேலையை விட்டுவிட்டு, ஒன்றரை லட்சம் கேட்கும் ஒரு ஏஜெண்ட் மூலம் சவுதிக்குப் போகலாமா? வீட்டில் வேறு, “நர்சிங் படிச்சிருந்தாலாவது ஊருக்குப் புரியும், இது ஏதோ மெஷின் பார்க்கிற வேலை, அதுவும் ராத்திரியில, பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்றது” என்கிறார்களாம்.

இனி உங்களிடமே பேசுகிறேன் அம்மா.

நான்கு நிமிடம் என்று நீங்கள் எண்ணுவது தப்புக் கணக்கு. புது ட்யூப் போடுவதற்குத்தான் நான்கு நிமிடம் ஆனது. மாஸ்க் சரியாகப் பொருந்தி நெஞ்சு எழும்பத் தொடங்கிய அந்த நொடியிலிருந்து குழந்தைக்கு மூச்சு கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. துடிப்பு ஏறியதே அதற்குச் சாட்சி. பச்சிளங்குழந்தைக்குக் காற்று சரியாகப் போகிறதா என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது இதயத் துடிப்புதான். அப்படிப் பார்த்தால் மூச்சு நின்றிருந்தது அலாரம் அடித்ததிலிருந்து மாஸ்க் பொருந்தும் வரை. உங்கள் விவரிப்பை வைத்துச் சொன்னால் ஒரு நிமிடம்கூட இருக்காது.

அலாரம் அடித்தால் நான்கு விஷயத்தைப் பார் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: ட்யூப் இடம் மாறியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா, மெஷினில் கோளாறா. நீங்கள் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் குழந்தையின் நெஞ்சைப் பார்த்தீர்கள். பலர் அந்த இடத்தில்தான் கோட்டை விடுவார்கள்; வெளியே வந்த ட்யூபையே மறுபடி உள்ளே தள்ளப் பார்ப்பார்கள், அல்லது மெஷின் பட்டனைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

ட்யூப் ஏன் கழன்றது

குறைமாதக் குழந்தையின் மூச்சுக்குழல் நம் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர். ட்யூபின் நுனி அதன் நடுவில் நிற்க வேண்டும். கிலோ கணக்கில் எடையோடு ஆறைக் கூட்டினால் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் ஒட்ட வேண்டும் என்பது வரும். நீங்கள் பார்த்த குழந்தைக்கு ஏழு. தாடை நெஞ்சோடு குனிந்தால் நுனி கீழே இறங்கும், தலை பின்னால் சாய்ந்தால் மேலே ஏறும். மேலே ஒரு சென்டிமீட்டர், கீழே ஒரு சென்டிமீட்டர், அவ்வளவுதான் நமக்கு இருக்கும் இடம். அதையும் தாங்கிப் பிடித்திருப்பது எச்சில் ஒழுகும் உதட்டின் மேல் ஒட்டிய ஒரு துண்டு பிளாஸ்டர். ஆகவே ட்யூப் தானாகக் கழல்வது உலகத்தில் பச்சிளங்குழந்தைகளுக்கான எல்லாத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் (என்.ஐ.சி.யூ.) நடக்கிறது. நூறு வென்டிலேட்டர் நாளுக்கு எத்தனை என்று கணக்கு வைத்து, அதைக் குறைக்கத்தான் எல்லோரும் பாடுபடுகிறார்கள். ‘எங்கள் யூனிட்டில் ஒன்றுகூட இல்லை’ என்று யாராவது சொன்னால், அவர்கள் எண்ணுவதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நான் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த காலத்தில், பிளாஸ்டர் மாற்றும்போது என் கையிலேயே ஒரு ட்யூப் வந்துவிட்டது. என்னோடு சேர்ந்து என் பேராசிரியரும் பேக் அழுத்திக் குழந்தையை நிலைக்குக் கொண்டுவந்தோம். பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. மூன்றே கேள்வி கேட்டார். ட்யூப் எத்தனையில் ஒட்டியிருந்தது? தலையை யாராவது பிடித்திருந்தார்களா? பிளாஸ்டர் கடைசியாக எப்போது மாற்றியது? மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதே மூன்று கேள்வியை உங்கள் இரவுக்கும் கேட்டுப் பார்க்கலாம். முதல் கேள்வியில் பிரச்சினை இல்லை. இரண்டாவது: தலையையும் ட்யூபையும் ஒருவர் உதட்டருகே சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர்தான் உடம்பைத் தூக்க வேண்டும். நீங்கள் குழாய்களைப் பிடித்திருந்தீர்கள். உதட்டருகே யார் கையும் இல்லை. மூன்றாவது: அன்றிரவு முதல் ரவுண்டிலேயே பிளாஸ்டர் ஈரமாக இருந்ததைப் பார்த்ததாகவும், ‘அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று விட்டதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘அப்புறம்’ உங்கள் பங்கு. அதை இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் என்னை நம்பப்போவதில்லை.

ஆனால் அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அன்றிரவு ஏழு வென்டிலேட்டர், மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் பப்பிள் சி-பேப் நான்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆர்.டி. வென்டிலேட்டர் குழந்தை ஒன்றுக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று படித்தவர்கள் நாங்கள். உங்கள் வார்டில் ஒரு நர்ஸுக்கு மூன்று குழந்தை. அந்த ‘அப்புறம்’ எங்கிருந்து வந்தது என்பது இதிலேயே தெரிகிறது. இந்தப் பங்கு உங்களுடையது இல்லை, நிர்வாகத்தினுடையது. உங்கள் பெயரில் அதைச் சேர்த்துச் சுமக்காதீர்கள்.

குழந்தைக்கு என்ன ஆகும்

இவ்வளவு சீக்கிரம் சரிசெய்யப்பட்ட ஒரு ஆக்சிஜன் சரிவு மட்டும் தனியாக ஒரு குழந்தையின் வளர்ச்சியைப் பாதிப்பது அரிது. 29 வாரத்தில் பிறந்ததுதான் அந்தக் குழந்தைக்கு உண்மையான ஆபத்து. 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைக்கும் விழித்திரைப் பரிசோதனை செய்கிறோம். காது கேட்கும் திறன், தலைச் சுற்றளவு, கழுத்து நிற்பது, உட்காருவது என்று தொடர்ந்து பார்க்கிறோம். ட்யூப் கழன்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடந்தே ஆக வேண்டும். நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம், அந்தக் குழந்தை மறுபரிசோதனைக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. வராவிட்டால் யூனிட்டிலிருந்து போன் போகச் செய்யுங்கள்.

எழுதாமல் விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது

ட்யூப் கழன்றதை விட, அது காகிதத்தில் இல்லாதது பெரிய விஷயம். ‘ட்யூப் மாற்றப்பட்டது’ என்ற வரியைப் படிக்கிறவருக்கு, அடைப்பு என்று மாற்றினார்களா, அளவு சரியில்லை என்று மாற்றினார்களா, ஒன்றும் தெரியாது. நாளைக்கு அந்தக் குழந்தையைப் பார்க்கும் டாக்டருக்கு அது தேவைப்படலாம். அதோடு, எழுதாத சம்பவம் எண்ணிக்கையில் வராது. எண்ணிக்கையில் வராவிட்டால் ‘ராத்திரிக்கு இன்னொரு ஆர்.டி. வேண்டும்’ என்று கேட்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. உங்கள் சீனியர் உங்களைக் காப்பாற்ற நினைத்துத்தான் சொல்லியிருப்பார். காப்பாற்றப்பட்டது ஆள் பற்றாக்குறைதான்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில், செய்யக்கூடாதது. ரெக்கார்டு ரூமுக்குப் போய்ப் பழைய கேஸ் ஷீட்டை எடுத்து வரிகளுக்கு நடுவில் எதையும் நுழைக்காதீர்கள். பழைய தேதி போட்டு எழுதாதீர்கள். அது திருத்தம் ஆகாது, மோசடி ஆகிவிடும். இன்றைய தேதி போட்டுத் தனியாக ஒரு சம்பவ அறிக்கை எழுதுங்கள். எத்தனை மணி, யார் எங்கே நின்றார்கள், மானிட்டரில் என்ன எண், நீங்கள் என்ன செய்தீர்கள், டாக்டர் எப்போது வந்தார், அன்றிரவு எத்தனை மெஷினுக்கு எத்தனை பேர் என்பது மட்டும். யார் மேலும் பழி வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். ‘இது அன்றே எழுதப்படவில்லை’ என்ற வரியும் இருக்கட்டும். என்.ஐ.சி.யூ. தலைமை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள். என்.ஏ.பி.எச். தரச்சான்று வாங்கிய ஆஸ்பத்திரி என்றால் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கும், தரப் பிரிவில் கேளுங்கள்.

குழந்தையின் அம்மாவிடம் சொல்வது பற்றி. அவருக்குத் தெரிய வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் தனியாக, வாட்ஸ்அப்பில், ராத்திரி பதினொரு மணிக்கு அழுதுகொண்டே சொல்லக்கூடாது. அதில் உங்கள் பாரம் இறங்கி அவர் தலையில் ஏறும், அவ்வளவுதான். சொல்ல வேண்டியவர் குழந்தையைப் பார்த்த தலைமை மருத்துவர். நீங்கள் கூட இருக்கலாம். குழந்தை அடுத்து மறுபரிசோதனைக்கு வரும் நாள் சரியான நாள். “மூன்றாம் நாள் ராத்திரி எக்ஸ்ரே எடுக்கும்போது ட்யூப் வெளியே வந்துவிட்டது, உடனே கையால் மூச்சு கொடுத்தோம், நாலு நிமிஷத்தில் புது ட்யூப் போட்டோம், இப்போது குழந்தை இப்படி இருக்கிறது, இன்னின்ன பரிசோதனைக்கு வாருங்கள்” என்று நேராகச் சொன்னால் பெரும்பாலான பெற்றோர் முதலில் கோபப்பட்டு, அப்புறம் கேள்வி கேட்பார்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால்தான் வழக்கு வரைக்கும் போவார்கள். என் அனுபவத்தில் அப்படித்தான்.

போலீஸ் பயம் உங்களுக்கு வேண்டாம். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சிகிச்சையில் சாதாரணக் கவனப்பிசகு கிரிமினல் குற்றமாகாது, மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் ஆகும். நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது வேறு விஷயம். அங்கே உங்களுக்குத் துணை நிற்கப்போவது நீங்கள் எழுதிவைத்த காகிதம்தான்.

இன்னொன்று. டாக்டர் போனில் ‘நீயே பார்த்து செட்டிங்கை மாத்திக்கோ’ என்று சொல்வதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் விடக்கூடிய விஷயம் இல்லை இது. மாற்றுங்கள், ஆனால் எத்தனை மணிக்கு, எந்த டாக்டர், என்ன சொன்னார், எதிலிருந்து எதற்கு மாற்றினீர்கள் என்று அப்போதே எழுதி, காலையில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நாலு நாளில் அவரே நேரில் வரத் தொடங்குவார்.

பாண்டும் சான்றிதழும்

நான் வக்கீல் இல்லை. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ‘பாண்ட் எல்லாம் செல்லாது, கிழித்துப் போடு’ என்று உங்கள் நண்பர் சொன்னது பாதிதான் சரி. 2025 மே மாதம், ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், உச்ச நீதிமன்றம் மூன்று வருடம், இரண்டு லட்சம் என்ற பாண்டைச் செல்லும் என்றது. உங்களுடையதும் அதே கணக்கு. அதற்காக, விட்டுப்போனால் முழு இரண்டு லட்சமும் தானாகக் கொடுத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகைக்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம்தான் பார்க்கும். உங்களுக்கு மூன்றில் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. பேசித் தீர்க்க இடமிருக்கிறது.

அசல் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்ள மட்டும் அவர்களுக்கு உரிமை கிடையாது. அது அடகுப் பொருள் இல்லை. ‘சரிபார்ப்பு முடிந்துவிட்டது, திருப்பிக் கொடுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், கடலூர் நீதிமன்ற வளாகத்திலும் கேட்கலாம்.

‘பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் பிடிப்பதில்லை, அதனால் 16,500 முழுசாகக் கைக்கு வருகிறது’ என்று எழுதியிருப்பதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு முக்கால் சதவீதம்தான். மூன்றேகால் சதவீதம் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும். நாளைக்குக் கல்யாணம், பிரசவம் என்று வந்தால் 26 வாரச் சம்பளம் அதிலிருந்துதான் வரும். முழுசாக வருவதாக நீங்கள் நினைப்பதில் உங்கள் பணமும் அவர்கள் பணமும் சேர்ந்தே காணாமல் போகிறது.

சவுதி

போகலாம். நல்ல சம்பளம், நல்ல யூனிட்டுகள். ஆனால் பயந்து ஓடுகிற வழியாக அது ஆகிவிடக்கூடாது என்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது. அங்கே உரிமம் வேண்டுமென்றால் ‘டேட்டாஃப்ளோ’ சரிபார்ப்பு, பிறகு ‘பிராமெட்ரிக்’ என்ற கணினிவழித் தேர்வு. டேட்டாஃப்ளோவில் உங்கள் அனுபவச் சான்று உண்மையா என்று நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேட்பார்கள். பாதியில் சொல்லாமல் நின்றுவிட்டால் அங்கேதான் முட்டும். மூன்றாவது வருடத்தை முடித்து, விடுவிப்புக் கடிதத்தோடு வெளியே வருவது உங்களுக்கு எல்லா வகையிலும் லாபம்.

ஒன்றரை லட்சம் கேட்கிற ஏஜெண்ட் வேண்டவே வேண்டாம். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டை ‘வைத்துவிட்டுப் போ’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு இடத்தில் சான்றிதழ் மாட்டியிருக்கிறது.

வீட்டில்

‘மெஷின் பார்க்கிற வேலை’ என்பதற்கு நீங்களே தலையாட்டுவதுபோல எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைமருத்துவ, சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் உங்கள் தொழிலும் இருக்கிறது. மாநில கவுன்சில் பதிவு தொடங்கியதும் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் சட்டத்தின் பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியப்போவதில்லை. அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஐந்து மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொண்டு போங்கள். அதில் தண்ணீர் நிரப்பி அம்மா உள்ளங்கையில் விடுங்கள். ஒரு கிலோ குழந்தையின் ஒரு மூச்சு அவ்வளவுதான். அதற்கு மேலே போனால் நுரையீரல் காயப்படலாம், கீழே போனால் சுருங்கலாம். நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது தடவை அதை அளந்து கொடுப்பதுதான் என் ராத்திரி வேலை என்று சொல்லிப் பாருங்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதை அம்மாவே முடிவு செய்துகொள்வார்.

நைட் டூட்டி உடம்பைப் படுத்துவது உண்மை. அதைத் தனியாக நிர்வாகத்திடம் பேசுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து இரவு என்பது எந்த ஊர் முறையும் இல்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லிவைத்துவிட்டுத் தூங்குங்கள். அந்த அறிக்கையை இந்த வாரமே எழுதிவிடுங்கள். குழந்தை மறுபரிசோதனைக்கு வருவதற்கு முன் அது டாக்டர் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும்.